எலும்புப்புரை மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

இரண்டு ஆண்டு மருந்துக்குப் பிறகு எடுத்த, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் முதுகெலும்பின் அடர்த்தி 2 சதவீதம் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து தோற்றுவிட்டதா? அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒருவரை மேசையிலிருந்து இறக்கி, உடனே மறுபடி படுக்கவைத்து எடுத்தாலே அளவு சற்று மாறும். இந்தப் பிழையின் எல்லையை ஒவ்வொரு மையமும் தன் கருவிக்கெனக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால்தான் மாற்றம் உண்மையானது. அந்த எல்லைக்கு ஏற்கத்தக்க உச்சவரம்பு முதுகெலும்புக்கு 5.3 சதவீதம், முழு இடுப்புக்கு 5 சதவீதம். வேறு கருவியில் எடுத்த பழைய ஸ்கேனோடு ஒப்பிடுவது வீண். ஒப்பிடும்போது டி-ஸ்கோரை (இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) விட்டுவிட்டு, சதுர செ.மீ.க்கு எத்தனை கிராம் என்ற அளவைப் பாருங்கள்.

அடர்த்தி கூடியிருந்தாலும் உடனே மகிழ்ந்துவிட முடியாது. நசுங்கிய முள்ளெலும்பில் அதே தாது சிறிய பரப்பில் அடைந்திருப்பதால் எண் ஏறும். மூட்டுத் தேய்மானத்தில் வளரும் எலும்பு முட்களும், பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பும் அப்படியே ஏமாற்றும். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி அளவே அதிகம் நம்பத்தக்கது. உயரம் 2 செ.மீ. குறைந்திருந்தால், ஸ்கேன் என்ன சொன்னாலும் முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேனுக்கு ஓராண்டு, இரண்டாண்டு காத்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை 3 முதல் 6 மாதத்திலேயே பேசிவிடும். எலும்பு அரிக்கப்படும்போது உடைந்து ரத்தத்தில் கலக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் துணுக்குதான் சிடிஎக்ஸ். அலென்ட்ரோனேட் போன்ற, எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் வேலை செய்தால் இது தெளிவாக இறங்கும். இரவில் ஏறி, சாப்பிட்டதும் இறங்கும் இயல்புள்ளது என்பதால் காலையில் வெறும் வயிற்றில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். அண்மையில் எலும்பு முறிந்திருந்தால் பல மாதங்களுக்கு உயர்ந்தே இருக்கும்.

சிடிஎக்ஸ் இறங்கவில்லையென்றால் மருந்தை மாற்றும் முன் மாத்திரை எப்படி விழுங்கப்படுகிறது என்று கேளுங்கள். வாராந்திர 70 மி.கி. அலென்ட்ரோனேட்டில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே உடலில் சேர்கிறது. காபியோடு எடுத்தால் அதுவும் பெருமளவு குறையும், கால்சியம் மாத்திரையோடு எடுத்தால் கிட்டத்தட்ட போய்விடும். வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் உண்ணாமல், படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். வைட்டமின் டி அளவையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அலென்ட்ரோனேட் எலும்பிலேயே பல ஆண்டுகள் தங்கும். அதனால் முறிவு அபாயம் குறைந்தவர்களுக்கு 5 ஆண்டுக்குப் பின் மருத்துவர் இடைவேளை தரலாம். ஆண்டுக்கொருமுறை ஏற்றும் சொலட்ரோனிக் அமிலத்துக்கு அது 3 ஆண்டு. டெனோசுமாப் ஊசிக்கு இந்தக் கணக்கைப் போடவே கூடாது. 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்த ஊசி 7 மாதத்தைத் தாண்டித் தள்ளிப்போனால், அடக்கிவைத்த எலும்பு அரிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பும். அடுத்தடுத்துப் பல முள்ளெலும்புகள் நசுங்கலாம். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் வேறொரு அரிப்புத் தடுப்பு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதே ஊசியால் ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். முன்னும் பின்னும் பரிசோதனை அவசியம்.

பல் பிடுங்கும் முன் பல் மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். தாடையெலும்பு ஆறாமல் போவது அரிது, ஆனால் உண்டு. தொடையிலோ கவட்டையிலோ வாரக்கணக்கில் மந்தமான வலி இருந்தால், தசைப்பிடிப்பு என்று தைலம் தடவிக்கொண்டிருக்காதீர்கள். நீண்டகால மருந்தில் அரிதாக வரும் தொடையெலும்பு முறிவு, இப்படித்தான் ஒரு மயிரிழை விரிசலாகத் தொடங்கும். முழுத் தொடையெலும்பையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வலிக்காத காலையும் சேர்த்து, ஏனெனில் விரிசல் பலருக்கு இரு பக்கமும் இருக்கிறது.