நீலம் பூசிய வரைபடத்தைக் காட்டி மனை கேட்பவர்கள்

சென்ற மாதம் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் என்னைத் தேடிப் புதுச்சேரிக்கு வந்தார். கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கடலூரின் கிழக்குப் பாதி முழுவதும் நீலம், மேலே சிவப்பு எழுத்தில் 2050. மனைத் தரகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாம். "ஏம்மா, எல்லாம் முழுகிடும்ங்கிறாங்களே, மூணு சென்ட் வீட்ட வந்த வெலைக்குக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டார். முழுகப்போகிற மனையைத் தரகர் எதற்காக வாங்குகிறார் என்று நான் திருப்பிக் கேட்ட பிறகுதான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வாண்டு இதே படத்தோடு என்னிடம் வந்தவர்களில் இவர் ஐந்தாமவர். பொறுமை தீர்ந்துவிட்டதால் எழுதுகிறேன்.

எரிபொருள் பயன்பாடு எப்படியெல்லாம் மாறக்கூடும், அதனால் புவி எவ்வளவு சூடாகும் என்று கணக்கிடுவது என் தொழில். அந்தக் கணக்குகளை நாங்கள் சினாரியோ என்போம். அது ஆரூடம் அன்று. சாத்தனூர் அணையில் எத்தனை கன அடி திறந்தால் தென்பெண்ணைக் கரையில் எந்தத் தெருவரை தண்ணீர் ஏறும் என்று ஒரு பொறியாளர் அட்டவணை போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரத்துக்கு ஒரு வரி, ஒரு லட்சத்துக்கு ஒரு வரி, இரண்டு லட்சத்துக்கு ஒரு வரி. கடைசி வரியை மட்டும் கத்தரித்து, 'நாளை வெள்ளம்' என்று ஊரெல்லாம் ஒட்டினால் அது பொய். மறுநாள் வெள்ளம் வராததைக் கண்டு 'அட்டவணையே பித்தலாட்டம்' என்று சிரிப்பதும் பொய்தான். திறந்தால் என்ற சொல்லை இரு தரப்புமே விழுங்கிவிடுகின்றன. 2024 டிசம்பரில் ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்தபோது, அட்டவணையின் அடியிலுள்ள வரிகளும் வெறும் காகிதமல்ல என்பதைக் கடலூர்க்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

ஐபிசிசி எனப்படும் பன்னாட்டுக் காலநிலைக் குழு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் இத்தகைய வரிகள் ஐந்து முதன்மையானவை. கரியுமிழ்வு மிகக் குறைவான வரியில் 2100ஆம் ஆண்டுக்குள் உலகக் கடல்மட்டம், 1995–2014 சராசரியைவிட 28 முதல் 55 செ.மீ. வரை உயரும். மிக அதிகமான வரியில் 63 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை. துருவப் பனிப்படலங்கள் நிலைகுலைந்தால் அதையும் தாண்டலாம் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. எந்த வரி நடக்கும் என்று அறிக்கை சொல்லவில்லை; அது நாம் எரிப்பதைப் பொறுத்தது. 2050க்கோ, முதல் வரியில் 15 முதல் 23 செ.மீ., கடைசி வரியில் 20 முதல் 29 செ.மீ. இந்த உயரத்தில் பாதி நகரம் நிரந்தரமாக மூழ்காது. ஆண்டுக்கொருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லையைக் காட்டும் படங்களைக்கூடக் குறிப்பை வெட்டிவிட்டு 'மூழ்கும்' என்று பரப்புகிறார்கள்.

கடைசி வரியை ஊடகங்கள் 'இப்படியே போனால்' என்று மொழிபெயர்ப்பது எனக்குத் தீராத எரிச்சல். நிலக்கரிப் பயன்பாடு இந்த நூற்றாண்டில் பல மடங்கு பெருகும் என்பது அதன் அனுமானம். அதை 'வழக்கம்போல் நடப்பது' என்று சொல்வது தவறு என்று 2020 ஜனவரியில் காலநிலை ஆய்வாளர்கள் சீக் ஹவுஸ்ஃபாதரும் கிளென் பீட்டர்ஸும் நேச்சர் அறிவியல் இதழிலேயே எழுதிவிட்டார்கள்.

அதற்காக, 'சோலார் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை' என்று எதிர்ப்பக்கம் சாய்பவர்களையும் நான் விடுவதாயில்லை. எரிபொருள் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். உலக எரிசக்தியில் நிலக்கரியின் பங்கு 1840 வாக்கில் ஏறத்தாழ 5 விழுக்காடு. அது பாதியைத் தொட 1900 ஆயிற்று. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நெய்வேலியைப் பாருங்கள். அங்கே 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல்தான் முழுதாக நின்றது. அதற்கு மாற்றாக வந்ததும் 1,000 மெகாவாட் பழுப்பு நிலக்கரி நிலையமே. இன்று கட்டும் கொதிகலன் நாற்பது ஆண்டுகள் ஓடுமானால், நிகரச் சுழிய உமிழ்வுக்கு (உமிழ்வதும் உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலைக்கு) இந்தியா குறித்துவைத்த 2070க்குப் பக்கத்தில் போய் நிற்கும். வரிகளுக்கிடையே 2050இல் சில சென்டிமீட்டராக இருக்கும் வேறுபாடு 2100இல் பெருகிவிடுவது இப்படிப்பட்ட முடிவுகளால்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் கடற்கரை மணல் காணாமல்போனதைக் காட்டிக் கடல்மட்ட உயர்வு என்று பலர் பேசுகிறார்கள். அதில் பெரும்பங்கு, 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புகளுக்கு உரியது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அவை மறித்துவிட்டன. பழியைக் காலநிலையின் தலையில் போட்டுவிட்டால், செய்த தவற்றுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

ஆகவே, படம் வந்தால் நான்கைக் கேளுங்கள்: எந்த ஆண்டுக்கு, எந்த உமிழ்வு வரிக்கு, எந்த ஆண்டின் மட்டத்திலிருந்து, தரையின் உயரத்தை எதைக் கொண்டு அளந்தது. நான்காவதை யாரும் கேட்பதேயில்லை. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள், விண்கல உயரத் தரவுகள் பல, சவுக்குத்தோப்பின் உச்சியையும் மாடிக் கூரையையும் தரையாக எடுத்துக்கொள்கின்றன. பிழை மீட்டர் கணக்கில் வரும். அது தாழ்ந்த நிலத்தை மேடாகவும் காட்டும் என்பதால், படத்தில் நீலம் இல்லாத இடத்தில் நிம்மதியாக வீடு கட்டிவிடவும் வேண்டாம். கடைக்காலுக்கு முன் சர்வேயரை அழைத்து மட்டம் பாருங்கள். வீட்டின் தளத்தை, முந்தைய வெள்ளம் ஏறிய கோட்டுக்கு மேலே போடுங்கள். கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடுள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மனை வருகிறதா என்று கிரயத்துக்கு முன் விசாரியுங்கள், பின்பு வந்து அழாதீர்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக் குழுவில் அந்தப் படத்தைப் பகிர வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், அவர்கள் உறங்குவதில்லை.

பெரியவர் இந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வாங்கிப் போனார். தரகரிடம் கேட்டும்விட்டார். பதில் இன்னும் வரவில்லை. விலையை மட்டும் இரண்டு லட்சம் ஏற்றிச் சொன்னாராம்.