ஃபைப்ரினோஜென்: நாரா, இழையா?

ஃபைப்ரினோஜென் என்ற சொல்லில் முன்பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம். லத்தீனில் 'ஃபைப்ரா' என்றால் நார், இழை. 'ஜென்' என்றால் பிறப்பிப்பது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டிலும் வாலாக ஒட்டியிருப்பதும் இதுவேதான். ஆக, இழையைப் பிறப்பிப்பது.

கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் புரதம் இது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில், ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) ஏறத்தாழ 200 முதல் 400 மில்லிகிராம் கரைந்து கிடக்கும். காயம் பட்டதும் திராம்பின் என்ற நொதி அதன் சில நுனித் துணுக்குகளைக் கத்தரித்துவிடும். கத்தரிபட்டவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கரையாத இழையாகின்றன. அந்த இழைதான் ஃபைப்ரின். அது பின்னும் வலையில் சிவப்பணுக்கள் சிக்கிக்கொள்ள, ரத்தம் உறைகிறது. பாலுக்கு உறைமோர் மாதிரி என்று சொல்லத் தோன்றும். வேதியியல் வேறு என்றாலும் 'உறைதல்' என்ற வினை இரண்டுக்கும் பொதுவாக அமைந்தது நம் மொழியின் வசதி.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஃபைபர் என்றதும் 'நார்' நினைவுக்கு வருகிறது. ஆனால் நார்ச்சத்து என்று நாம் சொல்வது கீரையிலும் வாழைத்தண்டிலும் இருப்பது. நார் உரித்தெடுப்பது, இழை திரிந்து உருவாவது. எனவே ஃபைப்ரினுக்குக் 'குருதியிழை' பொருந்தும். ஃபைப்ரினோஜெனை 'இழையாக்கி' என்றால் அது எதையோ இழையாக்குகிறது என்று ஆகிவிடும். உண்மையில் அதுவேதான் இழையாக மாறுகிறது. 'இழைமூலம்' என்றால் மருத்துவச் சீட்டில் பார்ப்பவர் வேறு 'மூலம்' என்று பயந்துவிடுவார். என் தேர்வு, 'முன்னிழை'.

இதை வைத்தே நோய்ப்பெயர்களையும் எளிதாக்கலாம். ஏஃபைப்ரினோஜெனீமியா முன்னிழையின்மை, 'ஹைப்போ' சேர்ந்தால் முன்னிழைக் குறைவு, 'டிஸ்' சேர்ந்தால் முன்னிழைக் கோளாறு. கடைசி வகையில் அளவு சரியாக இருக்கும், வேலைதான் சரியிருக்காது. அதனால் சிலருக்கு ரத்தம் நிற்காது, சிலருக்கோ தேவையில்லாத இடத்தில் உறைந்துவிடும்.

ரத்தம் சரியாக உறையாத இன்னொரு பிறவி நோயான ஹீமோஃபிலியா பெரும்பாலும் ஆண்களைத் தாக்கும். முன்னிழையின்மையில் ஆண், பெண் பேதம் இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும் என்பதால், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். பச்சிளங்குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிவதே பலரிடம் முதல் அறிகுறி.

பிறவிக் குறை இல்லாதவருக்கும் முன்னிழை தீர்ந்துபோகலாம். கண்ணாடி விரியன் கடித்தால், அதன் விஷம் உறைதல் வேலையைத் தாறுமாறாகக் கிளப்பிவிட்டு இருப்பையெல்லாம் செலவழித்துவிடும். அதனால்தான் பாம்புக்கடி என்று வந்தவரின் ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைக்கிறார்கள். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் தண்ணீராக ஓடினால், விஷமுறிவு மருந்தை ஏற்ற ஆரம்பிக்க வேண்டியதுதான்.