கதவுக்குள் தொலையும் பேஸ்

கார்க் கதவின் உட்புற பிளாஸ்டிக் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, செல்போனிலிருந்து 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 அதிர்வு) ஒலியை ஓடவிட்டேன். ஆறரை அங்குல ஸ்பீக்கர் அதன் இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, கதவின் உள்தகட்டில் இரண்டு கைகள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதை மூடியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஸ்பீக்கரின் துடிப்புக்கு ஏற்றபடி உப்புவதும் ஒட்டுவதுமாக இருந்தது. தாளின் ஓரத்தை விலக்கி உள்ளங்கையை நீட்டினால் காற்று வந்து தட்டியது. தடித்த அட்டை ஒன்றை ஓட்டையின்மேல் வைத்து இரு கைகளாலும் அழுத்தினேன். காருக்குள் ஒலி சட்டென்று கனத்தது. அட்டையை எடுத்ததும் மறுபடி மெலிந்துவிட்டது.

அதுவரை நான் வாங்கிய ஸ்பீக்கரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் குறைந்த விலைக்கு வாங்கி, பத்து வயதான சிறிய காரில் நானே மாட்டியது. பாடகரின் குரல் தெளிவாக இருந்தது, வயலின் தெளிவாக இருந்தது. மிருதங்கத்தின் வலந்தலை கணீரென்று கேட்டது. கனத்த நாதம் தரும் இடது முகமான தொப்பியைத்தான் காணவில்லை; அதாவது தாழ்ந்த ஒலியை, பேஸை. அது எங்கே போனது என்பதை அந்த அட்டை சொல்லிவிட்டது: ஸ்பீக்கர் அதை உண்டாக்கிக்கொண்டுதான் இருந்தது, கதவு அழித்துக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. முன்னால் மேடு என்றால் பின்னால் பள்ளம். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று நிரவிவிடும். உயர்ந்த அதிர்வெண்களில் இது பெரிய சிக்கல் இல்லை. 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏழு சென்டிமீட்டர்தான். அது பெரும்பாலும் நேராகப் பாய்ந்துவிடும். 50 ஹெர்ட்ஸின் கதை வேறு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது என்றால், அதன் அலைநீளம் ஏறக்குறைய ஏழு மீட்டர், அதாவது காரைவிட நீளம். அத்தகைய அலைக்கு ஒரு சாண் தூரம் ஒரு பொருட்டே இல்லை. பின்பக்கத்துப் பள்ளம் ஓட்டை வழியாக வெளியே வந்து முன்பக்கத்து மேட்டை அப்படியே விழுங்கிவிடுகிறது.

ஆகவே முதல் வேலை கதவை ஒரு பெட்டியாக மாற்றுவது. பெரிய ஓட்டைகளின்மேல் வெறும் ஒட்டுத்தாளை மட்டும் ஒட்டினால் அதுவும் பழைய பிளாஸ்டிக்கைப் போல உப்பி ஒட்டும். விறைப்பான தகடு வேண்டும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் மிஞ்சிக் கிடக்கும் ஏ.சி.பி. (இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த) தகட்டுத் துண்டுகள் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஓட்டையைவிட இரண்டு விரல் பெரிதாக வெட்டி, விளிம்பில் நுரைப்பட்டை ஒட்டி, திருகாணியால் முடுக்க வேண்டும். கண்ணாடி ஏற்றி இறக்கும் கருவி என்றாவது பழுதானால் கழற்ற வசதியாக இருக்கும். அதன் பிறகு வெளித்தகட்டின் உட்புறத்தில் பியூட்டைல் ரப்பர் தாளை உருளையால் அழுத்தி ஒட்டினால், தகரத்தின் அதிர்வு அடங்கி, தட்டினால் 'டங்' என்ற இடம் 'தப்' என்று சொல்லும். தார் கலந்த மலிவான தாள்களை வாங்கவே வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் கதவு கொதிக்கும்போது அவை இளகி வழியும், நாற்றமும் போகாது.

ஒரு எச்சரிக்கை. மழைநீர் கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் உண்டு. அவற்றை அடைத்தால் ஒரே மழைக்காலத்தில் கதவு துருப்பிடிக்கும். அதே காரணத்துக்காக, ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்தைச் சாதாரண எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் செய்யாமல், தண்ணீருக்கு ஊறாத பிளாஸ்டிக்கிலோ மரைன் பிளைவுட்டிலோ செய்வது நல்லது. வளையத்தைப் பொருத்தும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மேடு பள்ளம் நிரவும் இதே தவறு, இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையிலும் நடக்கலாம். நாமே இணைக்கும்போது ஒரு கதவில் பாசிட்டிவ் கம்பியும் நெகட்டிவ் கம்பியும் இடம் மாறிவிட்டால், இடது கூம்பு வெளியே வரும்போது வலது கூம்பு உள்ளே போகும். பாட்டு கேட்கும், பேஸ் மட்டும் கேட்காது. சோதிக்க ஒன்றரை வோல்ட் பென் பேட்டரி போதும். ஸ்டீரியோவிலிருந்து கம்பிகளைப் பிரித்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவை ஸ்பீக்கரின் நெகட்டிவ் கம்பியில் வைத்துக்கொண்டு, பாசிட்டிவை அதன் பாசிட்டிவ் கம்பியில் ஒரு கணம் தொட வேண்டும். கூம்பு வெளியே துள்ளினால் சரி. என் காரில் இடது கதவின் கூம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. பழைய உரிமையாளர் காலத்தில் யாரோ வெட்டி ஒட்டிய கம்பியில் நிறம் மாறியிருந்தது. இரண்டு நிமிட வேலை. கதவை அடைத்ததற்கு இணையான பலன்.

இவ்வளவு சிறிய திருத்தங்கள் ஏன் இவ்வளவு பெரிதாகக் கேட்கின்றன? விடை நம் காதில் இருக்கிறது. 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் மனிதச் செவியின் உணர்திறனை அளந்து வரைபடமாக்கினார்கள். டெசிபெல் என்பது ஒலியின் அளவு. 1,000 ஹெர்ட்ஸில் சுழிய டெசிபெல்லை ஒட்டிக் கேட்கத் தொடங்கும் காதுக்கு, 50 ஹெர்ட்ஸ் கேட்கவே சுமார் 40 டெசிபெல் வேண்டும். அந்த வாசலைத் தாண்டிவிட்டாலோ, தாழ்ந்த ஒலியில் சில டெசிபெல் கூடினாலே உரப்பு மளமளவென்று ஏறுகிறது. சத்தத்தைக் குறைத்தால் முதலில் மறைவது பேஸ். கதவு சிறிது அழித்தாலும் முதலில் மறைவது அதுவே. சக்கரங்களின் இரைச்சலும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால், வண்டி நகரத் தொடங்கியதும் மிச்சம் இருப்பதையும் அது மூடிவிடுகிறது.

பலரும் இந்தக் குறையை ஸ்டீரியோவின் பேஸ் பட்டனால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. 6 டெசிபெல் கூட்டினால் அந்த அதிர்வெண்ணில் நான்கு மடங்கு திறன் வேண்டும், 10 டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு. ஸ்டீரியோவிடம் அது இருக்கிறதா? முகப்பில் 'ஐம்பது வாட், நான்கு' (நான்கு ஸ்பீக்கர்களுக்கும் தலா ஐம்பது) என்று அச்சடித்திருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து கிடைக்கக்கூடிய சுத்தமான அலையின் உச்சத்திறன் 26 வாட். நடைமுறை இழப்புகளைக் கழித்தால் இருபதுக்குப் பக்கத்தில் நிற்கும். பிறகு ஐம்பது எங்கிருந்து வந்தது? அலையின் தலையையும் அடியையும் முழுக்க வெட்டிச் சதுரமாக்கிவிட்டால் கணக்கு 52 வாட் காட்டும். அந்த ஐம்பது வாட், இசை முற்றிலும் சிதைந்த நிலையின் எண். பட்டனைத் திருகத் திருக நாம் அந்தச் சதுரத்தை நோக்கித்தான் போகிறோம். பேஸ் கூடுவதில்லை, கரகரப்புதான் கூடுகிறது.

கூம்பு படும் பாடும் பெரிது. ஒரே அளவு சத்தத்தைத் தர, 80 ஹெர்ட்ஸில் நகர்வதைப்போல் நான்கு மடங்கு தூரம் 40 ஹெர்ட்ஸில் அது நகர வேண்டும். கதவு ஸ்பீக்கரால் அது முடியாது. ஆகவே சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) வைத்திருப்பவர்கள், ஸ்டீரியோவின் அமைப்புகளில் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, அதற்குக் கீழே உள்ளதைக் கதவுக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டும். சப்வூஃபர் இல்லாதவர்கள் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் வைக்கலாம். சுமக்க முடியாத சுமையை இறக்கி வைத்ததும் கூம்பு மீதியைத் தெளிவாகப் பாடுகிறது.

உண்மையான ஆழம் வேண்டுமென்றால் சப்வூஃபர்தான் வழி. மிருதங்கத் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவைப் பசையை அப்புவார்கள். தோலின் எடை கூடும், நாதம் இறங்கும். சப்வூஃபரின் கனத்த கூம்பும் அதே தத்துவம்தான்: எடை கூடினால் இயல்பு அதிர்வெண் தாழும். அந்தக் கூம்பை மூடிய பெட்டியில் பொருத்தினால் பின்பக்க அலை உள்ளேயே அடைபடும். அடைபட்ட காற்று சுருள்வில்லைப்போலக் கூம்பைத் தாங்கும். இதை நுட்பமாகப் பயன்படுத்தி 1954இல் எட்கர் வில்ச்சர் சிறு பெட்டியிலிருந்தே ஆழ்ந்த ஒலியை எடுத்துக் காட்டினார். எந்தக் கூம்புக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்பதைக் கணக்கிட, ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் 1960களிலும் 70களிலும் வகுத்த அளவீடுகள் இன்று ஸ்பீக்கரோடு வரும் தாளில் அச்சாகியிருக்கும். அதை மதித்துப் பெட்டி செய்யுங்கள். கண்மதிப்பில் செய்த பெட்டி ஒரே ஒரு சுரத்தில் மட்டும் 'பூம்' என்று அதிரும்.

காரே இங்கே நமக்குத் துணைநிற்கிறது. உட்புற நீளம் இரண்டரை மீட்டர் என்றால், சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை பரவ இடமில்லாமல், காரின் உட்புறம் முழுவதும் காற்றழுத்தம் ஒன்றாக ஏறி இறங்குகிறது. ஆழம் செல்லச் செல்லக் கார் தானே ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. பத்து அங்குல சப்வூஃபர் ஒன்று வீட்டுக் கூடத்தில் தராததைக் காரில் தருவது இதனால்தான்.

ஆம்ப்ளிஃபையர் சேர்த்தால் கம்பியில் கஞ்சத்தனம் கூடாது. நான்கு மீட்டர் நீளமுள்ள 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 30 ஆம்பியர் பாய்ந்தால் அரை வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். செப்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி என்றால் இன்னும் மோசம். 16 சதுர மில்லிமீட்டர் அசல் செப்பு வாங்குங்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் கட்டாயம். அது ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்காக அல்ல. கம்பி எங்காவது உரசி வண்டியின் உடலைத் தொட்டால் கார் தீப்பிடிக்காமல் காப்பதற்காக.

எல்லாம் முடிந்து அதே கச்சேரிப் பதிவை ஓடவிட்டேன். தனி ஆவர்த்தனத்தில் தொப்பியின் முதல் கும்கி, அந்த வளைந்து இழையும் ஆழ்ந்த ஒலி, இருக்கையின் முதுகுப்பக்கமாக ஏறி வந்தது. கூடவே பின்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால் நம்பர் பிளேட். நுரைப்பட்டையில் மிஞ்சிய துண்டு அதற்குச் சரியாக இருந்தது.