பக்கத்து மனையில் பள்ளம், நம் வீட்டில் செலவு

"நாற்பதாயிரம் தர்றேன்கிறார் சார், வாங்கிக்கலாமா?" அந்த அம்மா போனில் பேச ஆரம்பித்ததே இப்படித்தான். மேற்கு மாம்பலத்தில் 1978-ல் கட்டிய தனி வீடு. பக்கத்து வீட்டை இடித்துவிட்டு ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் நிற்கும் பார்க்கிங் தளம்) மேல் நான்கு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இவர் வீட்டில் அந்தப் பக்கம் இருக்கும் மூன்று அறைகளிலும் விரிசல். பில்டர் வந்து பார்த்திருக்கிறார். "பட்டி வெச்சு ரெண்டு கோட் அடிச்சா தெரியாதும்மா" என்று தொகையையும் அவரே சொல்லிவிட்டார்.

தெரியாது என்பது உண்மைதான். பட்டி வைத்தால் எந்த விரிசலும் ஆறு மாதத்துக்குத் தெரியாது.

கட்டடப் பொறியாளராக இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். பெயின்டில் தொடங்கும் பேரம் பெரும்பாலும் பெயின்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் பெயின்ட் என்பது எஸ்டிமேட்டில் கடைசியாக வர வேண்டிய வரி.

அடுத்த மனையில் ஃபூட்டிங்குக்கோ (தூணின் அடித்தளம்) லிஃப்ட் குழிக்கோ தோண்டும்போது, நம் அஸ்திவாரத்தைப் பக்கவாட்டில் அணைத்திருந்த மண் தளர்கிறது. ஊற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து இரவும் பகலும் இறைத்தால், மணற்பாங்கான இடத்தில் நீரோடு மெல்லிய மணலும் போய்விடும். களிமண்ணாக இருந்தால் ஈரம் வற்றிச் சுருங்கும். பள்ளத்தை மூடியதும் இந்த அசைவு நின்றுவிடாது. புதுக் கட்டடத்தின் பாரம் மாடி மாடியாக ஏறும்போது அதன் அடிமண் அமுங்கும், ஒட்டியிருக்கும் நம் பக்கத்தையும் கொஞ்சம் இழுக்கும். அதனால் பக்கத்தில் மூன்றாவது மாடி கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போது நம் வீட்டுக்கு எஸ்டிமேட் கேட்டால், எந்தப் பொறியாளராலும் சரியான தொகை சொல்ல முடியாது.

அதற்காகச் சும்மா இருக்கவும் கூடாது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை அரால்டைட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். சுவர் இன்னும் அசைந்தால் கண்ணாடி உடையும். அந்த வீட்டில் ஆறு இடங்களில் ஒட்டினேன். இரண்டு மாதத்துக்குள் இரண்டு உடைந்தன. அந்த இடங்களில் புதிதாக ஒட்டி, மறுபடி தேதி எழுதினேன்.

அடுத்த சிக்கல், "இதெல்லாம் பழைய விரிசல்" என்ற பேச்சு. உள்ளே அழுக்கும் பழைய பெயின்டும் புகுந்திருந்தால் அது பழையதுதான், அதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். புது விரிசலின் ஓரம் கூர்மையாக, சுத்தமாக இருக்கும். இடிக்கும் வேலை தொடங்கும் முன்பே சுவர் சுவராகப் படம் எடுத்து, பில்டரிடம் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது. அந்த அம்மாவிடம் அப்படி எதுவும் இல்லை. ஆனால் முந்தைய வருடம் நடந்த மகளின் வளைகாப்பு ஆல்பம் இருந்தது. வளையல் தட்டுகளுக்குப் பின்னால் கூடத்துச் சுவர் முழுதாக, ஒரு கீறல்கூட இல்லாமல்!

சரி, எஸ்டிமேட்டுக்கு வருவோம். அறைக்குள் ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் நிறம் ஒட்டாது, முழு அறையையும்தான் கணக்கிட வேண்டும். 12-க்கு 11 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுவர்கள் 460 சதுர அடி, சீலிங் 132. கதவு ஜன்னலைக் கழித்தால் சுமார் 540. இப்படி மூன்று அறையும் மாடிப்படியும் சேர்ந்து 1,900 சதுர அடி வந்தது. பட்டி, பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன் என எங்களுக்குக் கிடைத்த விலை சதுர அடிக்கு 32 ரூபாய். ஆக பெயின்ட் மட்டும் 60,800. பில்டர் சொன்ன நாற்பதாயிரம் இதற்கே போதவில்லை.

பில்டர் கண்ணில் படாதவை இன்னும் இருந்தன. குளியலறை டைல்ஸைக் காசால் தட்டிப் பார்த்தால் நாலைந்து இடத்தில் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம். அந்த டிசைன் இப்போது கடையில் கிடையாது, மொத்தமாக மாற்ற வேண்டும், கூடவே வாட்டர்ப்ரூஃபிங்கும். 55,000. மேலிருந்து செங்கல் துண்டுகள் விழுந்து மொட்டை மாடியில் பதித்திருந்த தட்டோடுகள் உடைந்திருந்தன. சம்ப்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) நிரப்பி, மட்டத்தில் கோடு போட்டு, மறுநாள் பார்த்தால் தண்ணீர் நான்கு விரல் இறங்கியிருந்தது. காம்பவுண்டு சுவர் 30 அடி நீளத்துக்குச் சாய்ந்திருந்தது. பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசுவது, விரிசலுக்குள் சிமென்ட் பால் செலுத்தி அடைக்கும் கிரவுட்டிங், சாரம் கட்டுவது, ரப்பிஷ் அள்ளுவது, பீரோ கட்டில் நகர்த்தும் கூலி வரை எல்லாம் சேர்ந்து 2,42,600. கொத்திப் பார்த்த பிறகுதான் தெரியவரும் வேலைகளுக்கு 15 சதவீதம், அதன் மேல் ஒப்பந்ததாரர் பில்லுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 3,29,000-ஐத் தாண்டியது.

"எங்க இன்சூரன்ஸ்ல பாத்துக்கறோம்" என்றார் பில்டர். கட்டுமானத்துக்கு எடுக்கும் ஆல் ரிஸ்க் பாலிசியில், அதிர்வாலும் மண் ஆதரவு போவதாலும் அடுத்தவர் சொத்துக்கு வரும் சேதம் வழக்கமாக விலக்கு. தனியாகச் சேர்த்தாலும் பெரும்பாலும் இடிந்து விழுந்தால்தான் பணம், மேலோட்டமான விரிசலுக்குக் கிடையாது. பாலிசி நகலைக் கேட்டேன், அதோடு அந்தப் பேச்சு நின்றது.

சட்டத்தில் நமக்கும் பிடி உண்டு. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, வெற்று நிலத்துக்குப் பக்கத்து மண் தரும் ஆதரவு இயல்பான உரிமை. மேலே கட்டடம் இருந்தால், அந்த ஆதரவை 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்திருக்க வேண்டும். 1978 வீட்டுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் நோட்டீஸ் அனுப்புவதை வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள், நாமே எழுதிக் குழப்ப வேண்டாம்.

பெயின்டில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொன்னேன். கடைசியாக அடித்து ஏழு வருடம் ஆகியிருந்தது, எப்படியும் அவர்கள் அடித்திருக்க வேண்டியதுதான். பெயின்ட் செலவில் பாதியை அந்த அம்மா வீட்டாரே ஏற்றார்கள். சம்ப், குளியலறை, காம்பவுண்டு சுவரில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. சம்ப்புக்கும் காம்பவுண்டு சுவருக்கும் உடனே பணம், மீதி கண்ணாடிகள் ஒரு மழைக்காலத்தைத் தாங்கிய பிறகு என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்தக் கண்ணாடியும் உடையவில்லை. பொங்கல் கழித்து வேலை தொடங்கியது. பூச்சு முடிந்து நீர் தெளித்து, பிறகு ஒரு மாதம் காயவிட்டுத்தான் பெயின்டரை உள்ளே விட்டோம். கூடத்துக்கு மட்டும் பழைய நிறமே வேண்டும் என்றார் அந்த அம்மா. கலர் பார்த்துக் கலக்குவதற்காகப் பெயின்டர் கடைக்கு எடுத்துப் போனது வளைகாப்பு ஆல்பத்தை.