மணக்காத காஸும் களிம்பு பிடித்த நட்டும்

திருகோணமலை உப்புவெளியில், கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் உறவினர் வீடு. போன கச்சான் காற்றுக் காலத்தில் அங்கே பழைய ஏ.சி. ஒன்றைக் கழற்ற வேண்டி வந்தது. ஏழெட்டு வருடம் உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு நின்ற வெளி யூனிட். அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தன. குழாயைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டில் பச்சைக் களிம்பு ஏறி, நட் எது குழாய் எது என்று தெரியவில்லை. வேலைக்கு வந்த தம்பி ஸ்பானரைக் கொளுவி இரண்டு தரம் முக்கிப் பார்த்தார். அசையவில்லை. பேசாமல் பையிலிருந்து காஸ் டோர்ச்சை எடுத்தார். சூடு காட்டினால் நட் இளகும். பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது.

“தம்பி, உள்ளுக்குக் காஸ் இருக்குமே?”

“இல்லை அண்ணை, லீக் ஆகி எல்லாம் போயிட்டுது. அதாலதானே கூல் வரேல்லை. மணமும் ஒண்டும் இல்லை, பாருங்கோ.”

யூனிட்டின் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஆர்-32 என்று இருந்தது. எரியக்கூடிய காஸ். தம்பி சொன்ன இரண்டு காரணமும் எடுபடாது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

முதலில் மணத்தைப் பார்ப்போம். நாம் காஸ் மணம் என்று சொல்வது சமையல் காஸின் சொந்த மணம் இல்லை. புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் மணம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அந்த அழுகல் நாற்றம் எதைல் மெர்கப்டான் என்ற கந்தகச் சேர்மத்தினுடையது. லீக் ஆனால் மூக்குக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலப்பது. 2021 கடைசியில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் நாடு முழுக்க வந்த நாட்களில், குசினிக்குள் போகும்போதே மூக்கை உறிஞ்சிப் பார்க்கப் பழகிக்கொண்டோம். ஏ.சி.யிலும் ஃப்ரிட்ஜிலும் அந்தப் பழக்கம் கைகொடுக்காது. மூடிய குழாய்க்குள் வருடக்கணக்கில் ஓட வேண்டிய காஸ் சுத்தமாக இருக்க வேண்டும்; அதனால் குளிரூட்டும் புரொப்பேனிலும் ஐசோபியூட்டேனிலும் நாற்றமூட்டி சேர்ப்பதில்லை. ஆர்-32உம் மூக்கை எச்சரிக்கும் காஸ் அல்ல.

அடுத்தது “எல்லாம் போயிட்டுது.” காற்றுப் போன சைக்கிள் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். சப்பையாகக் கிடந்தாலும் உள்ளே வெற்றிடம் இல்லை. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே அழுத்தம் ஆகிவிட்டதால் வெளியேறுவது நின்றிருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டை விழுந்த ஏ.சி. குழாயிலும் இதே கதை. அதோடு, கம்பிரசருக்குள் இருக்கும் எண்ணெய் சோடாவைப் போன்றது. அழுத்தத்தில் காஸைக் கரைத்து வைத்திருக்கும். அழுத்தம் குறைந்தாலும், சூடு பட்டாலும் மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். டோர்ச் நெருப்பு தருவது அந்தச் சூட்டைத்தான்.

இந்த ஆர் எண்களுக்குள் ஒரு சூத்திரம் இருக்கிறது. தெரிந்துகொண்டால் ஸ்டிக்கரைப் பார்த்தே காஸின் குணத்தைப் பாதி சொல்லிவிடலாம். எண்ணை மூன்று இலக்கமாக எழுதுங்கள்: 32 என்றால் 032. முதல் இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் காபன் அணுக்கள். நடு இலக்கத்தில் ஒன்றைக் கழித்தால் ஐதரசன். கடைசி இலக்கம் புளோரீன். காபனோடு சேர இடம் மிஞ்சினால் அதில் குளோரீன். ஆகவே ஆர்-32இல் ஒரு காபன், இரண்டு ஐதரசன், இரண்டு புளோரீன். பழைய ஆர்-22இல் ஒரு காபன், ஒரு ஐதரசன், இரண்டு புளோரீன், மிஞ்சிய இடத்தில் ஒரு குளோரீன். ஆர்-290இல் மூன்று காபன், எட்டு ஐதரசன், புளோரீன் பூச்சியம். புரொப்பேன் என்பது அதுதான். பொதுவாகச் சொன்னால் ஐதரசன் கூடக்கூட எரியும் ஆசை கூடும், புளோரீனும் குளோரீனும் அதை அடக்கும். (ஃப்ரிட்ஜ்களில் வரும் ஐசோபியூட்டேன் ஆர்-600ஏ இந்தக் கணக்கில் அடங்காது. பியூட்டேனில் பத்து ஐதரசன். ஒன்றைக் கூட்டினால் பதினொன்று, ஒரு இலக்கத்துக்குள் எப்படி எழுதுவது? அதற்காகவே 600 வரிசையைத் தனியாக வைத்தார்கள்.)

அப்படியானால் எரிவதை அடக்கிய குளோரீனை ஏன் துரத்தினோம்? ஓசோன் படலத்தை அரித்ததே அதுதான். 1987இன் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் சேர்ந்தது. ஆர்-22 படிப்படியாக வெளியேறுகிறது. இடையில் வந்த ஆர்-410ஏ (இது கலவை, மேலே சொன்ன சூத்திரம் இதற்குப் பொருந்தாது) எரியாது, ஓசோனையும் தொடாது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டைப் போல 2,088 மடங்கு. ஆர்-32க்கு அந்த எண் 675. புரொப்பேனுக்கு விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்றைத் தணிக்கப்போனால் மற்றது தலை தூக்குகிறது. எரியும் காஸை வீட்டுக்குள் விட்டது அறிந்தே செய்த பேரம். எனக்கு அதில் பெரிய குறை இல்லை, கையாளத் தெரிந்தால்.

எவ்வளவு எரியும் என்பதற்கு எழுத்துக் குறி உண்டு. ஏ1 எரியாது. ஏ3 நன்றாக எரியும். புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் அங்கே. ஆர்-32 ஏ2எல், அதாவது மந்தமாக எரிவது. அதன் தீச்சுவாலை அசையாத காற்றில் செக்கனுக்கு 6.7 சென்ரிமீற்றர்தான் நகரும். புரொப்பேனுடையது அதைப்போல ஆறு மடங்கு வேகம். பற்றவைக்கத் தேவையான பொறியிலும் அதே பேதம். புரொப்பேனுக்குக் கால் மில்லியூல் போதும், ஒரு சுவிட்ச் போடும்போது தெறிக்கும் பொறியே தாராளம். ஆர்-32க்குப் பல பத்து மில்லியூல் வேண்டும். டோர்ச் நெருப்புக்கு முன்னால் இந்தப் பேதமெல்லாம் ஒன்றுமில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, உயரம் ஒன்பதடி. கிட்டத்தட்ட 30 கன மீற்றர். அறை ஏ.சி. ஒன்றில் சுமார் 700 கிராம் ஆர்-32 இருக்கும். முழுதும் லீக் ஆனால் 330 லீற்றர் வாயு. அறை முழுக்கச் சமமாகக் கலந்தால் ஒரு வீதம். பற்றிக்கொள்ள 14.4 வீதம் வேண்டும், ஆகவே பயமில்லை. ஆனால் இந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை. ஆர்-32 ஏறத்தாழ 1.8 மடங்கு, புரொப்பேன் ஒன்றரை மடங்கு. யன்னல் பூட்டி, காற்றாடி ஓடாத அறையில் தண்ணீர் போலத் தரையில் படுக்கும். கடைசி ஓரடி உயரத்துக்குள் ஒதுங்கினால் பத்து வீதத்துக்குக் கிட்ட வரும். அரையடிக்குள், கணுக்கால் மட்டத்தில், என்றால் 19. இப்போது எரியும். புரொப்பேன் ஏ.சி.யில் 300 கிராம்தான் இருக்கும், 167 லீற்றர். ஆனால் அதற்கு 2.1 வீதம் போதும். ஓரடி உயரத்துக்குள் படுத்தாலே 5 வீதம் ஆகிவிடும். உள்ளே பொருத்தும் யூனிட்டுக்கு அறை இத்தனை சதுர அடிக்குக் குறையக்கூடாது என்று தயாரிப்பாளர் புத்தகத்தில் போடுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். யன்னலைத் திறந்து, வேலை தொடங்க முன்னரே மேசைக் காற்றாடி ஒன்றைத் தரையில் வைத்து வெளியே பார்த்து ஓடவிடுவதும் அதே காரணத்தால். காஸ் டிடெக்டர் வைத்திருப்பவர்களும் அதை மேசையில் வைத்துவிட்டுத் தரையில் குந்தி வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய கைப்பழக்கம் கடிப்பது எரியும் காஸில் மட்டும் இல்லை, ஏ.சி.யை இடம் மாற்றும்போது செய்யும் பம்ப் டவுனிலும்தான். வேலை சுலபமானது: மெஷினைக் கூலில் ஓடவிட்டு ஒல்லிக் குழாயின் வால்வை அலன்கீயால் மூடினால், கம்பிரசர் உள்ளே இருக்கும் காஸையெல்லாம் இழுத்து வெளி யூனிட்டுக்குள் அடைத்துவிடும். அழுத்தம் காட்டும் கேஜின் ஊசி பூச்சியத்துக்குக் கிட்ட வந்ததும் தடித்த குழாயின் வால்வையும் மூடி உடனே மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் ஓடவிட்டால் உறிஞ்சும் பக்கம் வெளிக்காற்றைவிடத் தாழ்ந்த அழுத்தத்துக்குப் போகும். குழாயில் ஓட்டை இருந்தாலோ, அவசரத்தில் நட்டைத் தளர்த்திவிட்டாலோ காற்று உள்ளே பாயும். இப்போது கம்பிரசர் நசுக்குவது காற்றையும் எண்ணெய் ஆவியையும். டீசல் லொறி என்ஜின் தீப்பொறி இல்லாமல் எப்படிப் பற்றுகிறது? காற்றை நசுக்கிச் சூடாக்கித்தானே. இங்கேயும் அதுவே, ஆனால் கம்பிரசரின் இரும்புப் பானை அதற்கென்று செய்யப்பட்டதில்லை, வெடிக்கும். எரியாத ஆர்-410ஏ மெஷினிலும் இது நடக்கும். ஆகவே லீக் இருக்கிறது என்று தெரிந்த மெஷினில் பம்ப் டவுன் செய்யவே கூடாது. உப்புக் காற்று தின்ற குழாயில் லீக் இல்லை என்று யார் நம்புவது?

லீக் பார்க்க ஒட்சிசன் சிலிண்டரைக் கொளுவுபவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். அழுத்தமான ஒட்சிசனும் எண்ணெயும் சந்தித்தால் தீக்குச்சியே தேவையில்லை. நைதரசன் அடித்து, மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசினால் போதும்.

சரி, முறையாகக் கழற்றுவது எப்படி? கரண்டைத் துண்டிப்பது, காற்றோட்டம், பக்கத்தில் நெருப்பு இல்லாமை, இவை முதலில். பிறகு எரியும் காஸுக்கென்று செய்த ரிகவரி மெஷினால் காஸை வேறு சிலிண்டருக்குள் இழுக்க வேண்டும். சாதாரண மெஷினின் மோட்டாரும் சுவிட்சும் பொறி தெறிக்கக்கூடியவை, அதனால் அது கூடாது. சிலிண்டரை எண்பது வீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. திருகோணமலை வெயிலில் வான் வண்டிக்குள் கிடந்தால் திரவம் விரிய இடம் வேண்டும். எரியும் காஸ் சிலிண்டர்களின் மரை பெரும்பாலும் இடப்பக்கமாகச் சுற்றும். பொருந்தவில்லையே என்று அடப்டர் தேடுபவர்கள் அந்தத் தடை எதற்கென்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். காஸை எடுத்த பின் வெற்றிடம் இழுத்து, நைதரசனால் கழுவி, அதன்பின் குழாயை வெட்டுவது. வெட்டுவதும் உருட்டிச் சுற்றும் கட்டரால். உருக்கிப் பிரிப்பதோ கிரைண்டரோ இல்லை. ஆர்-32 எரிந்தால் ஐதரசன் புளோரைட்டு வரும். கண்ணிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். நெருப்புக்குத் தப்பியவரையும் அது விடாது.

ஆர்-22 மெஷினுக்குள் புரொப்பேன் அடிக்கும் யோசனையும் அவ்வப்போது காதில் விழுகிறது. கூல் நன்றாகவே வரும், ஏனென்றால் இரண்டின் அழுத்தமும் கொதிநிலையும் பக்கத்தில் பக்கத்தில். ஆனால் அந்த மெஷினின் ரிலேயும் சுவிட்சும் எரியும் காஸுக்காக மூடப்பட்டவையல்ல. ஸ்டிக்கர் இன்னும் ஆர்-22 என்றே சொல்லும். அடுத்த முறை டோர்ச்சோடு வருபவர் அதை நம்பித்தான் வருவார்.

உப்புவெளிக்குத் திரும்புவோம். டோர்ச்சை அணைக்கச் சொல்லிவிட்டு, மற்ற வால்வின் மூடியைத் திறந்து கேஜைப் பொருத்திப் பார்த்தோம். ஊசி நாற்பதில் நின்றது. லீக் ஆகிப் போகுமட்டும் போய்விட்ட மெஷினில் அது பூச்சியத்தில் நின்றிருக்கும். தம்பி ஊசியைத் தட்டிப் பார்த்தார், கேஜ் பழுதோ என்று. பிறகு பையைக் கட்டிக்கொண்டு போனவர் அடுத்த நாள் காலை ரிகவரி மெஷினோடு வந்தார். காஸை எடுத்து முடிய ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம்தான் ஆனது. களிம்பு பிடித்த நட்டை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு ஒரு சாண் கீழே குழாயைக் கட்டரால் வெட்டினார். வெளி யூனிட்டின் நெற்றியில் கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதினார்: “ஆர்-32. காஸ் எடுத்தாச்சு.” கீழே திகதியும் கையெழுத்தும்.

மூன்று நாள் கழித்துப் பழைய இரும்புக்காரர் லான்ட் மாஸ்டரில் வந்தார். அவருக்கு வேண்டியது உள்ளே இருக்கும் செம்பு. எழுத்தை வாசித்துவிட்டு, “அப்ப வெட்டலாம்தானே?” என்று கேட்டார். அதே வீட்டுக் கோடியில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும் கிடந்தது, ஆர்-600ஏ, எழுத்து ஒன்றும் இல்லாமல். அதைத் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம்.