மியூட்டேஷன்: மாற்றமா, பிறழ்வா, திரிபா?

காரைக்குடியில் 'மியூட்டேஷன்' என்ற சொல்லை இரண்டு இடங்களில் கேட்கலாம். ஒன்று, பங்காளிகள் பலருக்குப் பாத்தியப்பட்ட பெரிய வீட்டின் பத்திரங்களைப் பரப்பிவைத்துப் பேசும் வக்கீலிடம். இன்னொன்று, அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித் தகவலியல் துறையில். வக்கீல் சொல்வது பட்டா மாறுதல். தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் பெயர் மாறினால் காரியம் முடிந்தது. பல்கலைக்கழகத்தில் சொல்வது வேறு: மரபணுவின் எழுத்து வரிசையில் நேரும் மாற்றமும், அதனால் புரதத்துக்கும் உடம்புக்கும் வரும் விளைவும். இதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. நாலைந்து இருக்கின்றன, அதுதான் சிக்கல்.

மூலம் இலத்தீன். 'மூட்டாரே' என்றால் மாற்றுதல், அவ்வளவுதான். நல்லது கெட்டது, மெல்ல நடந்தது திடீரென்று நடந்தது என்ற எந்தச் சாயலும் அதில் கிடையாது. 'திடீர்' ஒட்டிக்கொண்டது டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரிஸால். ஈனோத்தீரா என்ற செடியை வளர்த்துப் பார்த்தவர், ஒரே தலைமுறையில் தாவி வந்ததுபோல் புதுவகைச் செடிகள் முளைப்பதைக் கண்டு, 1901-இல் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார். நம் பள்ளிப் பாடநூல்களின் 'திடீர் மாற்றம்', 'சடுதி மாற்றம்' இரண்டும் அந்தத் தாவலின் மொழிபெயர்ப்புகள். வேடிக்கை என்னவென்றால், அவர் கண்டவற்றில் பெரும்பாலானவை குரோமோசோம்களின் எண்ணிக்கையிலும் அமைப்பிலும் நேர்ந்த குளறுபடிகள் என்று பின்னால் தெரிந்தது. கொள்கை போய்விட்டது, 'சடுதி' மட்டும் பாடநூலில் நிற்கிறது. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக இறங்கிவரும் ஒன்றைச் 'சடுதி' என்று எப்படிச் சொல்வது?

மற்றவற்றையும் பார்ப்போம். 'பிறழ்வு' என்றாலே கோளாறு என்று ஆகிவிடும். ஒவ்வொருவர் உடம்பிலும் எத்தனையோ மாற்றங்கள் ஒரு தொந்தரவும் செய்யாமல் கிடக்கின்றன, எல்லாவற்றையும் பிறழ்வு என்றால் நியாயமில்லை. 'மரபணு மாற்றம்' என்றால் பருத்தியும் கத்தரிக்காயும்தான் ஞாபகத்துக்கு வரும். அது ஆள் வேண்டுமென்றே செய்வது. கொரோனா காலத்தில் செய்தித்தாள்கள் 'உருமாற்றம்' என்று எழுதின. புரதங்களின் வடிவத்தை ஆராயும் கட்டமைப்பு உயிரியல் படித்தவர்களுக்கு அது உறுத்தும். காரணம் கீழே வருகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'விகாரம்' என்று இருக்கிறது. அதைக் கேட்டு இங்கே சிரிப்பவர்கள் உண்டு, நமக்கு விகாரம் என்றால் அவலட்சணம். ஆனால் அவர்கள் எடுத்தது இலக்கணத்திலிருந்து, சரியான இடத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

"தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்" என்பது நன்னூல். காரை + குடி = காரைக்குடி, 'க்' தோன்றியது. கல் + படி = கற்படி, 'ல்' 'ற்' ஆகத் திரிந்தது. மரம் + வேலை = மரவேலை, 'ம்' கெட்டது. அதற்கும் முன்னால் தொல்காப்பியர் இதே மூன்றையும் "மெய்பிறி தாதல் மிகுதல் குன்றல்" என்று எண்ணி, பொதுப்பெயராகத் 'திரியுமாறு' என்றார். எழுத்து வரிசையில் நேரக்கூடிய மாற்றங்களை அன்றே மூன்றாக வகுத்துவிட்டார்கள். மரபணுவும் ஒரு எழுத்து வரிசை. மரபியலார் அதில் முதன்மையாக எண்ணும் வகைகளும் இவைதான்: ஒன்று இன்னொன்றாவது, ஒன்று கூடுவது, ஒன்று குறைவது.

மூன்றுக்கும் நோயுண்டு. திரிதலுக்குப் பேர்போனது அரிவாள் செல் இரத்தசோகை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் கண்ணிகள், கோத்திருக்கின்றன. மரபணுவில் அடினின் என்ற எழுத்து இருந்த ஓரிடத்தில் தைமின் என்ற எழுத்து வந்தால், சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் போய் வாலின் உட்காருகிறது. இதை 1957-இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் கண்டுசொன்னார். நமக்குத் தூரத்து நோயும் அல்ல, நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்தத் திரிபு இருப்பது 1952-லேயே பதிவானது.

இங்கேதான் கட்டமைப்பு உயிரியலாரின் கண் வேண்டும். குளூட்டமிக் அமிலம் மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு ஒத்துப்போகும். வாலினுக்குத் தண்ணீர் ஆகாது. மாற்றம் நடந்ததோ புரதத்தின் வெளிப்பரப்பில். ஆகவே ஒற்றை ஹீமோகுளோபினை எடுத்து எக்ஸ்ரே படிகவியலில் பார்த்தால் அதன் வடிவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆக்சிஜனை இறக்கிவைத்த பிறகுதான் வம்பு. அப்போது பக்கத்து ஹீமோகுளோபினில் ஒரு பள்ளம் திறக்கிறது, வாலின் அதில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, சிவப்பணுவையே அரிவாளாக வளைத்துவிடுகின்றன. உரு மாறியது சிவப்பணுவுக்கு, புரதத்துக்கு அல்ல. 'உருமாற்றம்' உறுத்தும் என்றது இதனால்தான்.

கெடுதலுக்கு நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். செல் சவ்வில் குளோரைடு செல்ல வழிவிடும், 1480 அமினோ அமிலங்கள் கொண்ட சி.எஃப்.டி.ஆர். புரதத்தில் 508-ஆம் இடத்து ஃபினைல் அலனின் ஒன்றே ஒன்று காணாமல் போவதுதான் அதிகம் காணப்படும் காரணம். புரதம் சரியாக மடியாது. மடியாததை செல்லே அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது. வேலை செய்யவேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேருவதே இல்லை. அந்த மடிப்புக்கு முட்டுக்கொடுக்கும் மருந்துகள் சேர்ந்த கூட்டுமாத்திரை ஒன்றுக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மிகுதலுக்கு ஹன்டிங்டன் என்ற மூளை நோய்: மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வருவது 40-ஐ எட்டிவிட்டால் நோய் உறுதி.

கட்டமைப்பு உயிரியலுக்குச் சென்னை அந்நியமல்ல. எலும்புக்கும் தோலுக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கு என்று 1954-இல் முன்மொழிந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மறு ஆண்டு அந்த மாதிரியைத் திருத்திக் கயிற்று முறுக்காக்கினார்கள். கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றுக்கு ஒன்று கிளைசின்; முறுக்கின் நடுவில் இருக்கும் சொற்ப இடத்தில் அடங்கக்கூடிய சிற்றுரு அது ஒன்றுதான். அந்த இடத்தில் வேறெது வந்தாலும் முறுக்கு பழுதாகும், எலும்பு லேசில் முறியும் நோய் வரும். இன்று கணினித் திரையில் எந்தப் புரத வடிவத்தைச் சரிபார்த்தாலும் 1963-இல் ராமச்சந்திரனும் உடன் உழைத்தவர்களும் தந்த, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தைத் திறக்காமல் தீராது.

ஆகவே என் வாக்கு 'திரிபு'க்கு. மறுப்புகள் உண்டு. புணர்ச்சியில் எழுத்து விதிப்படி திரிகிறது, மரபணுவில் விதி ஏது என்று தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். ஞாயமான கேள்வி, சொல்லை மட்டும்தான் கடன் வாங்குகிறோம், சூத்திரத்தை அல்ல. 'பால் திரிஞ்சுபோச்சு' என்று ஆச்சிமார் சொல்வதால் திரிபிலும் கெட்டுப்போன வாடை அடிக்கிறதே என்பது இன்னொன்று. கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் பால் திரிவதும் புரதச் சங்கதியே: புளிப்பேறியதும் கேசீன் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. மரபணு அங்கே மாறவில்லை, அதை மட்டும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சொல்லின் வசதி, கிளைச்சொற்கள் சிரமமில்லாமல் கிளைப்பது. நிகழ்ச்சி திரிதல்; விளைந்தது திரிபு. 'மியூட்டன்ட்' புரதம் திரிந்த புரதம், மாறாதது இயல் புரதம். இயல்பு புணர்ச்சி என்ற சொல்லாட்சி முன்பே இருப்பதால் இந்த இணை காதுக்குப் புதிதாக இராது. ஆய்வகக் குறிப்பில் 'இ6வி' (E6V; இ குளூட்டமிக் அமிலத்துக்கும் வி வாலினுக்கும் குறியீடு) என்று எழுதுவதை '6-ஆம் இடத்துக் குளூட்டமிக் அமிலம் வாலினாகத் திரிந்தது' என்று உரையாசிரியர் நடையிலேயே வாசிக்கலாம். திரிபு எல்லாம் நோய் அல்ல என்பதால், நோய் தருவதை மட்டும் 'நோய்த் திரிபு' என்று பிரித்துச் சொன்னால் போதும். புற ஊதாக் கதிர், புகையிலைப் புகை போல மரபணுவைத் திரிய வைப்பவற்றுக்குத் 'திரிபூக்கி' என்று எழுதிப் பார்த்தேன். இன்னும் வாய்க்கு வழங்கவில்லை. இதைவிடச் சின்னதாக ஒன்று யாருக்காவது தோன்றினால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.