‘தூண்டுதல் எச்சரிக்கை’ எதைத் தூண்டுகிறது?

போன வாரம் அக்கா மகள் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினாள். “மாமா, இது எதைத் தூண்டுதுன்னு எச்சரிக்கிறாங்க?” ஏதோ ஒரு பேய்ப் படம். தொடங்குவதற்கு முன் கறுப்புத் திரையில், ‘தூண்டுதல் எச்சரிக்கை: விலங்குத் தீங்கு. உணர்திறன் மிக்க பார்வையாளர்கள் கவனிக்கவும்.’ இந்தத் ‘தூண்டுதல் எச்சரிக்கை’யை எத்தனை தடவை பார்த்தாயிற்று என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஆங்கிலத்தில் ட்ரிகர் வார்னிங். ட்ரிகர் என்பது துப்பாக்கி விசை. ‘இழு’ என்று பொருள்படும் டச்சு வினையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. போரிலோ வன்கொடுமையிலோ அடிபட்ட மனசு, ஒரு சத்தம் கேட்டாலே பழைய நாளுக்குத் திரும்பிப் போய்விடுகிறதே, அந்தச் சத்தத்தை மனநல மருத்துவர்கள் ட்ரிகர் என்றார்கள். 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்த நோய்க்குத் தனிப் பெயரே ஏறியது. அப்புறம் இணையம், அப்புறம் சினிமா. சொல் வந்த கதை இவ்வளவுதான்.

இனி வழக்குக்கு வருவோம். தமிழில் தூண்டுவது என்றால் என்ன? விளக்குத் திரியைத் தூண்டுவோம். தூண்டுகோல், தூண்டாமணிவிளக்கு எல்லாம் வெளிச்சத்தைச் சேர்ந்த சொற்கள். கெட்ட அர்த்தத்தில் என்றால் கலவரத்தைத் தூண்டுவது, தற்கொலைக்குத் தூண்டுவது. ஆக, ‘தூண்டுதல் எச்சரிக்கை: விலங்குத் தீங்கு’ என்று படிக்கிறவனுக்கு, இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு யாரும் போய் நாயை அடிக்காதீர்கள் என்றுதானே படும்? அக்கா மகளுக்கும் அப்படித்தான் பட்டது.

‘விலங்குத் தீங்கு’ அதைவிட மோசம். தீங்கு விலங்குக்கா, விலங்காலா? வேறு படமாக இருந்தால் ஊகித்துக்கொள்ளலாம். பேய்ப் படத்தில் நாயும் கடிக்கும், காக்காயும் கொத்தும், பூனைமேல் ஆவி ஏறும். அங்கே வேற்றுமை உருபை முழுங்கிவிட்டால் என்ன செய்வது? போதாக்குறைக்கு, எங்கள் ஊரில் வீட்டு நாயை யாரும் விலங்கு என்று சொல்லிக் கேட்டதில்லை. வாயில்லா ஜீவன் என்பார்கள். ‘உணர்திறன்’ கருவிக்கு இருப்பது. தராசுக்கு உண்டு, தீப்புகை மணிக்கு உண்டு. மனுஷனுக்கு ‘இளகிய மனசு’ என்று அழகான சொல் காலங்காலமாக இருக்கும்போது அவனை ஏன் கருவியாக்க வேண்டும்?

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘எச்சரிக்கை’யே வடுகச் சொல் என்று சண்டைக்கு வருவார். உண்மைதான், கன்னடத்தில் ‘எச்சர’ என்றால் விழிப்பு, தெலுங்கிலும் அதன் உறவு இருக்கிறது. இருக்கட்டுமே. மதுரையில் நாயக்கர் மகாலை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை மட்டும் வெளியே தள்ளுவானேன்? அவர் சொல்லும் மாற்று ‘விசை விழிப்புரை’. மின்வாரியக் கம்பத்தில் மாட்டலாம்.

பாண்டி கோயிலில் கிடா வெட்டு. மஞ்சத்தண்ணி தெளித்ததும் கிடா தலையைச் சிலுப்பியது, அருவா ஏறியது. என் பக்கத்தில் நின்ற அப்பத்தா, பேத்தியின் முகத்தைத் தன் முந்தானைக்குள் இழுத்து, “வெட்டப் போறாங்கடி, அந்தப் பக்கம் திரும்பிக்க” என்றது. என்ன நடக்கப்போகிறது, என்ன செய்யவேண்டும், ரெண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அது கிடாக்கறி சாப்பிடுகிற அப்பத்தாதான். இளகிய மனசுக்கும் இலையில் விழும் கறிக்கும் சம்பந்தம் தேடுகிறவர்கள் தேடட்டும்.

படத்தில் வரும் நாய்க்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்வதற்காகவே 2010லிருந்து ஓர் ஆங்கில இணையதளம் நடக்கிறது, அதன் பெயரே ‘நாய் சாகுமா?’ என்கிற கேள்விதான். அவர்களுக்கே நேராகக் கேட்கத் தெரிந்திருக்கிறது, நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குத்தான் நேராகப் பதில் சொல்ல வரவில்லை. நம் படங்களில் வரும் ‘எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை’ அட்டையை இதோடு குழப்புகிறவர்களும் உண்டு. அது படப்பிடிப்பில் நடந்ததைப் பற்றியது. அக்கா மகள் கேட்பது கதையில் நடப்பதை. நாய் நடிப்பை முடித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கும் என்று அவளுக்கும் தெரியும். போன தை மாசம் வண்டியில் அடிபட்டு அவள் மடியிலேயே செத்த சிப்பிப்பாறைக் குட்டி அவள் கண்ணுக்குள் வந்து நிற்குமே, அதுதான் விஷயம்.

என்னைக் கேட்டால், தலைப்பாக ‘முன்குறிப்பு’ போதும். அதன் கீழே நடப்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: ‘நாயைக் கொல்லும் காட்சி உண்டு. இளகிய மனசுக்காரர்கள் தவிர்க்கலாம்.’ திரையில் இடம் போதாது என்று வசனம் எழுதுகிறவர்கள் சாக்குச் சொல்வார்கள். ‘தூண்டுதல் எச்சரிக்கை: விலங்குத் தீங்கு’ 19 எழுத்து. ‘நாய் சாகும்’ 5.